வில்லோபரி சேராத போர்

அமெரிக்கக் குடியரசுக்கு இன்னும் மீசை அரும்பவில்லை. அதற்குள் இங்கிலாந்தோடு மல்லுக்கு நின்றது. தலைநகரில் போருக்குக் கை தூக்கியவர்கள் தெற்கத்தியர்களும் மேற்கத்தியர்களும். வடகிழக்கு மூலையில், கனடா எல்லையோரம் கிடந்த வில்லோபரியை ஒருவரும் கேட்கவில்லை. அது மரியாதைக் குறைவு. எல்லைக்கு அப்பால் இருந்த ஆங்கிலப் பட்டாளமோ வில்லோபரி மாடுகளுக்கு வெள்ளிக்காசாகவே கொடுத்தது. அது மரியாதை.

அந்த ஊரில் எல்லாமே ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவாகும், யார் வீட்டுப் பன்றியை எப்போது கட்டுவது என்பது உட்பட. வேலிகளைப் பார்வையிடும் பதவிக்கு ஊரே தேர்ந்தெடுத்த ஓபேத் டட்டில் எழுந்து, மேற்படி போர் நமது ஊர் எல்லைக்குள் செல்லாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அத்தனை கைகளும் உயர்ந்தன. போர் நுழைந்துவிடாதபடி வேலியில் இரண்டு கட்டைகளையும் மாற்றிப் போட்டார்.

வர்ஜீனியாவிலிருந்து வந்த சுங்க அதிகாரி பெய்ட்டன், எதிரிக்கு மாடு விற்பது ராஜதுரோகம் என்று குதித்தார்.

"எந்த எதிரிங்கய்யா?" என்றார் ஓபேத். "ஓ, உங்க பக்கத்துல சண்டையாமே. கேள்விப்பட்டோம். பாவம்."

அந்தச் சமயம் பார்த்து எல்லைக்கு அப்பால் ஆங்கிலப் பட்டாளத்துக்குப் புதுத் தளபதி ஒருவன் வந்து சேர்ந்தான். விவரம் தெரியாதவன். மாட்டைத் தின்றுவிட்டு, ஓட்டிவந்த ஓபேத்தின் மகன் ஆசாவைப் போர்க்கைதியாகப் பிடித்துப் போட்டான்.

ஒருவழியாகச் சமாதானம் வந்தது. கைதிகளை மாற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்டு ஓபேத் பெய்ட்டனிடம் ஓடினார்.

பெய்ட்டன் பொடி போட்டுக்கொண்டே சொன்னார்: "அது சண்டை போட்ட ஊர்க்காரங்களுக்கு. உங்க ஊர்தான் சண்டையிலேயே இல்லையே, டட்டில்."

ஓபேத் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார். ஒரே ஒரு நாள் போரில் சேர்ந்தால் போதும் என்று மன்றாடினார். ஊர் நடுவே ஓடிய ஓடைக்கு மேற்கே, ஓபேத்தின் பக்கம் இருந்தவர்கள் இரங்கினார்கள். கிழக்கே இருந்தவர்கள், மேற்கத்தியான் பிள்ளைக்காக நாங்கள் ஏன் சாகவேண்டும் என்றார்கள். கடைசியில் ஒரே ஒரு கை வித்தியாசத்தில் வில்லோபரி இங்கிலாந்தின்மீது போர் தொடுத்தது. அந்த ஒரு கை ஓபேத்துடையது.

மறுநாள் அவரே எல்லையைத் தாண்டி நடந்து போய்ச் செய்தியைச் சொன்னார்.

"சண்டை முடிஞ்சு எத்தனையோ நாளாச்சே, பெரியவரே," என்றான் தளபதி.

"எங்களுக்கு நேத்துத்தான் ஆரம்பிச்சுதுங்க. இன்னைக்கே முடிச்சுக்கலாம். பையனைக் கொடுத்துடுங்க."

தளபதி சட்டம் தெரிந்தவன். இந்தப் போர் அந்தச் சமாதானத்தில் அடங்காது என்று கண்டு அவரை உள்ளே போட்டான். கொட்டடியில் ஆசா மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இந்தப் பக்கம்?" என்றான். "என்னைக் காலையிலேயே விட்டுட்டாங்களே."

ஆசா வீடு திரும்பி, சமாதானம் செய்துகொள்ளச் சொல்லி ஊரைக் கூட்டினான். மேற்கு சரி என்றது. சமாதானத்துக்குக் கை தூக்கினால் போரை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கிழக்கு மறுத்தது. ஆசாவும் கை தூக்கினான். ஓட்டுப் போடும் வயசு ஆகவில்லை என்று இறக்கச் சொன்னார்கள். சிறையில் இருக்கும் வயசு மட்டும் ஆகியிருந்தது. எண்ணிப் பார்த்ததில் இரு கரையும் சமம். சமாதானத்துக்கு ஒரு கை குறைந்தது.

அந்தக் கை எல்லைக்கு அப்பால் கொட்டடியில், மாட்டிறைச்சிக் கஞ்சிக்காகக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வடகிழக்கத்தியருக்கு ஒருவழியாக நாட்டுப்பற்று வந்துவிட்டது என்று பெய்ட்டன் தலைநகருக்கு எழுதிப் போட்டார்.