சம்பந்தியின் இரட்டை ஆல்பம்

"ஆல்பம் கேட்டீங்களா சம்பந்தி?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு அம்மாவின் காதில் பிரேமை மாட்டிக்கொண்டிருந்தார். பேசியது மகளுக்கு நிச்சயமான இடம். மாப்பிள்ளையின் அப்பா பகலில் பல் டாக்டர், மற்ற நேரமெல்லாம் ப்ரோக்ரெசிவ் மெட்டல் என்கிற அலறலும் அதிரடியுமான இசையில் கிதார்காரர். தன் குழுவோடு வருஷக்கணக்கில் பாடுபட்டு இரண்டு இசைத்தட்டுகளில் ஒரே கதையைப் பாட்டாகப் போட்டிருந்தார்: கடல் ஒரு ஊரை விழுங்கி, பிறகு திருப்பித் தருகிறது. கடைக்காரர் முதல் அலறலிலேயே அணைத்துவிட்டார்.

"கேட்டேன். பிரமாதம்."

"எந்த இடம் பிடிச்சுது?"

தப்பிக்க நினைத்து, "ரெண்டாவது தட்டுல கடைசிப் பாட்டு" என்றார்.

மறுமுனையில் குரல் தழுதழுத்தது. "அதை எங்க டிரம்மரே முழுசாக் கேட்டதில்ல சம்பந்தி. ஞாயித்துக்கிழமை வாங்க. ரெண்டு தட்டையும் சேர்ந்து கேப்போம்."

"பிடிக்கலன்னு சொல்லிடுங்களேன்ப்பா" என்றாள் மகள்.

"கல்யாணம் முடியட்டும்மா."

சனிக்கிழமை போன் போட்டு, கழுத்து பிடித்துக்கொண்டதால் உட்கார முடியாது என்றார்.

"உட்காரவே வேண்டாம். படுத்துக்கிட்டே கேளுங்க."

ஆக, ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே மெத்தையில் கண்ணை மூடிக் கிடந்தார். முதல் தட்டில் கடல் பொங்கியது. தாளம் போடப் பார்த்தார். கால் எங்கே தட்டினாலும் டிரம் வேறெங்கோ விழுந்தது. ஆனால் இரண்டாவது தட்டின் நடுவில், கிதார் தனியாகக் கூப்பிட, டிரம் தாமதமாகப் பதில் சொன்னது. அடுத்த பதிலுக்கு அவர் காத்திருக்க ஆரம்பித்தார். அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

கடைசிப் பாட்டு வந்தது. அலறல் ஓய்ந்தது, கிதார் ஓய்ந்தது. அடியாழத்தில் ஒரு உறுமல் மட்டும் மிஞ்சியது. அது சுழன்றது, நின்றது, மறுபக்கம் சுழன்றது. எங்கோ தண்ணீர் இறங்கியது. விழுங்கிய ஊரைக் கடல் திருப்பித் தருகிறது! அவர் கண்ணோரம் நனைந்தது.

"மனசாரச் சொல்றேன் சம்பந்தி. இந்த இடத்துக்கு ஈடே கிடையாது."

பல் டாக்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

வாசற்படியில் துண்டும் கையுமாக நின்ற சம்பந்தியம்மாதான் தயங்கிச் சொன்னார்:

"பாட்டு அப்பவே முடிஞ்சுபோச்சுங்கண்ணா. இது எங்க வாஷிங் மெஷின்."