வெள்ளை வீசிய மாப்பிள்ளை

என் அண்ணன் செல்வம் ஒரு பொய்யன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியிருந்தால் இதைவிட மோசமான வார்த்தையைப் போட்டிருப்பேன். (கூடப் பிறந்த அண்ணனை அவன் இவன் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள், முழுவதும் படித்துவிட்டுக் கேட்கட்டும்.)

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமாக இருந்தாலும் சரி, பந்தியில் இலை போட்டுச் சோறு விழுந்ததும் ஒரு குரல் வரும். "யாரும் கை வைக்காதீங்கப்பா, மாப்ள இன்னும் துண்டு வீசல!" பந்தியே சிரிக்கும். மாப்பிள்ளை என்பது என் வீட்டுக்காரர். அவரும் சிரிப்பார். வேறு என்ன செய்வார், வாயில் அப்பளம் இருக்கும். குரல் என் அண்ணனுடையது. இந்தக் கதையை அவன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். சொல்லும்போதெல்லாம் பாதியை விழுங்கிவிடுகிறான். அந்தப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஏராளம்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் புனேயில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில், "வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். உண்மையான பதில், தூங்குவேன். ஆனால் மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் அவருடைய போட்டோ ஒன்று. ஒல்லிப் படகில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துடுப்புப் போடுகிறார். பக்கத்தில் ஒரு கூடாரம். என் வீட்டுக்காரர் போட்டோவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். "கயாக்கிங் சார், கேம்பிங் சார்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒய்ஃபும் வருவாங்க சார்" என்றும் சேர்த்துவிட்டார்.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீங்கள் வந்ததும் முதல் மழைக்கே எல்லாரும் ஏரிக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் தோசைக் கரண்டியோடு நின்றிருந்தேன். "எனக்கு நீச்சலே தெரியாதே" என்றேன். "எனக்கும்தான். போறதுக்குள்ள பழகிக்கலாம்" என்றார். வைகையில் மணல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். புதுக் கல்யாணம், புது ஊர். அந்த வயதில் புருஷன் சொல்வது எல்லாம் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கும்.

படகு கொடுத்தது என் அண்ணன். சிங்கப்பூரில் கொஞ்ச நாள் வேலை பார்த்துத் திரும்பியபோது காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். பழுத்த ஆரஞ்சுப் பழ நிறம். மதுரை ஜில்லாவிலேயே அப்படி ஒன்று வேறு யாரிடமும் இருந்திருக்காது. இந்த நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் பயிற்சி எங்கள் மொட்டை மாடியில். வெயில் தாழ்ந்ததும் சைக்கிள் பம்பால் காற்றடைத்து, முன்னும் பின்னுமாக உட்கார்ந்து காற்றில் துடுப்புப் போட்டோம். அடுத்த மாடியில் வடகம் எடுக்க வந்த அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இம்புட்டு நேரமா தள்ளுறீங்களே, எந்த ஊரு வரைக்கும் போயிருக்கீங்க?" என்று கேட்டார்.

இரண்டாவது பயிற்சிக்கு வண்டியூர் தெப்பக்குளம். அவ்வளவு பெரிய குளத்தில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளே கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. தோளில் படகோடு படியிறங்கி நின்ற எங்களைப் பார்த்து பந்து வீச ஓடிவந்தவன் நின்றுவிட்டான். "அண்ணே, மேட்ச் முடிஞ்சதும் போட்டு ஓட்டிக்கங்கண்ணே" என்றான். மரியாதையான பையன்.

பிறகுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. சமயநல்லூர் தாண்டி உள்ளே போனால் என் பிறந்த ஊர். ஊருக்கென்று ஒரு கண்மாய் உண்டு. அந்த வருடம் நல்ல மழையில் பெருகியிருந்தது. ஊர் இருப்பது கிழக்குக் கரையில். மேற்குப் பக்கம் முழுக்கச் சீமைக் கருவேலங்காடு, ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு, விடிந்ததும் படகு ஓட்டிப் பழகிவிட்டு, சத்தமில்லாமல் வந்துவிடலாம். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. ஊரில் வீடு இருக்க, மகளும் மருமகனும் கண்மாய்க்குள் துணி கட்டிப் படுத்தார்கள் என்றால், அவர் அதை யாரிடம் போய் என்னவென்று சொல்வார்?

கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் வீட்டுக்கு வந்தான். படகுக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவந்திருந்தான். காபி கொடுத்து, எங்கே போகிறோம் என்பதைச் சொல்லி, "அண்ணே, அப்பாகிட்ட மூச்சு விட்டுறாத" என்று சத்தியம் வாங்கினேன்.

"நான் ஏன் சொல்லப் போறேன்? நல்லா ஓட்டிப் பழகுங்க" என்றான். அவன் பையில் புது வலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"எதுக்குண்ணே வலை?"

"புடலைக்குப் பந்தல் கட்ட."

புடலைக்குப் பந்தல்! அதை நம்பி இன்னொரு டம்ளர் காபியும் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கண்மாய் பெருகி, பாசனம் முடிந்து, தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றும்போது ஒரு நாள் மீன்பிடி வைப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர் ஜனம் எல்லாம் விடியும் முன்னே வந்து கரையில் நிற்கும். யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். முறைக்கார வீட்டுப் பெரியவர் சாமி கும்பிட்டு, மேளத்தோடு கரைக்கு வந்து, வெள்ளைத் துண்டை வீசிக் காட்ட வேண்டும். வெள்ளை வீசுவது என்று அதற்குப் பெயர். வீசிய பிறகுதான் இறங்கலாம். முறை இரண்டு வீட்டுக்கு, மாறி மாறி. ஒன்று எங்கள் வீடு. கண்மாய் பெருகுவதே எப்போதோ என்பதால் ஒரு முறை தப்பினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தாத்தா வீசியதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அப்பா ஒருமுறைகூட வீசியதில்லை. அந்த வருடம்தான் அவர் முறை.

நாங்கள் படகு ஓட்டவிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை மீன்பிடி என்று முடிவாகி, "நீ நேர்ல போயி மாப்ளையையும் பிள்ளையையும் கூப்புட்டு வா" என்று அப்பா அண்ணனை அனுப்பியிருக்கிறார். அதற்காகத்தான் அவன் வில்லாபுரம் வந்தான். பம்பைக் கொடுத்தான், காபி குடித்தான், போனான். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

எங்களுக்குக் கூடாரம் கொடுத்தவர் பந்தல் வாடகைக் கடைக்காரர். சிவப்பும் மஞ்சளும், சுற்றிலும் ஜரிகைக் குஞ்சம். கருவேலங்காட்டுக்குள் அதைக் கட்டி முடித்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று, "என்ன கடை போடுறீக? பொரி கடலையா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் "கேம்பிங்" என்றார். "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று போய்விட்டார். திருவிழாவுக்குத்தான் கடை போடுகிறோம் என்று அவர் நினைத்திருக்கிறார். எந்தத் திருவிழா என்று எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும்?

விடியற்காலை. பனிமூட்டம். படகில் ஏறிப் புதருக்கு நடுவே தள்ளித் தள்ளித் திறந்த தண்ணீருக்கு வந்தோம். நேராக ஓட்டினால் வட்டமடித்தது. வட்டமடிக்கப் பார்த்தால் நின்றது. ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. கொக்குகள் நின்றன, தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. "புனேல இப்படித்தான் இருக்கும் வசந்தி" என்றார். நானும் நம்பினேன்.

பனி விலகியது. கிழக்குக் கரை முழுவதும் தலைகள்.

"எம்புட்டுக் கூட்டம்! நம்மளப் பாக்கவா வந்திருக்காங்க?" என்றார் என் வீட்டுக்காரர். டவுனில் பிறந்து வளர்ந்த மனிதர், கண்மாயைப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயையோ, மீன்பிடித் திருவிழாங்க! திருப்புங்க, திருப்புங்க!" என்று கத்தினேன். நான் ஒரு பக்கம் தள்ள, அவர் எதிர்ப்பக்கம் தள்ள, படகு நேராகப் போய் ஒரு கருவேல முள்ளில் உட்கார்ந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம். ஆரஞ்சுப் பழம் சுருங்க ஆரம்பித்தது.

"வசந்தி, முங்கப் போறோம்!" என்றவர் தோளில் கிடந்த துண்டை உருவினார். வெள்ளைத் துண்டு. தலை தீபாவளிக்கு என் அப்பா வேட்டியோடு வைத்துக் கொடுத்தது.

"வீசாதீங்க! துண்டக் கீழ போடுங்க!"

"உசுரு போகுது, இப்ப வெக்கம் பாக்குற நேரமா!" என்று அவர் தலைக்கு மேல் சுழற்றி வீசினார். என்ன வீச்சு! அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பின்னும் அவர் எதையும் செய்ததில்லை.

கரையில் யாரும் உடனே இறங்கவில்லை. பார்த்தவர்களுக்குச் சந்தேகம். யாரோ இரண்டு பைத்தியங்கள் என்று விட்டிருப்பார்கள், சத்தியமாக விட்டிருப்பார்கள். அப்போதுதான் ஒரு குரல்:

"வெள்ளை வீசியாச்சுடோய்!"

அந்தக் குரலோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். புடலைப் பந்தல் வலையோடு முதலில் குதித்ததும் அந்தக் குரல்காரன்தான்.

அதற்குப் பிறகு கரையே சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. வலை, கூடை, கொசுவலை, சேலை, எது கையில் இருந்ததோ அதோடு எங்களைச் சுற்றி ஜனம். "யக்கா, காலைத் தூக்கு, அடியில விரால் கெடக்கு" என்று ஒருவர் படகுக்கு அடியில் கையை விட்டார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சலிப்போடு திரும்பி, "மாப்ள, எந்திரிச்சு நில்லுங்க. இடுப்புத் தண்ணிதான்" என்றார்.

எழுந்து நின்றார். இடுப்புக்கும் கீழேதான் இருந்தது.

அப்போது கரை வளைவில் மேளச் சத்தம் கேட்டது. கோயிலிலிருந்து அப்பா வருகிறார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. இரண்டு கையிலும் தாம்பாளம், அதில் மடித்த வெள்ளைத் துண்டு. திரும்பியவர் கண்மாயைப் பார்த்தார். மேளம் ஒன்றிரண்டு அடி அடித்துவிட்டுத் தானாக நின்றது.

சேறும் பாசியுமாக நாங்கள் கரையேறினோம். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நடுங்கிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரையே பார்த்தார். தாம்பாளத்திலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

"தலையத் துவட்டுங்க மாப்ள. சளி புடிச்சுக்கும்" என்று நீட்டினார்.

இன்றுவரை அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். வீசியது செல்லாது, முறை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெரியவர்கள் பேசி முடிவு சொன்னார்கள்: "வீசுனது உங்க வீட்டு மாப்ள. துண்டும் உங்க வீட்டுத் துண்டு. மீனும் புடிச்சாச்சு. முறை முடிஞ்சது." அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அண்ணன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று கண்மாயிலேயே பெரிய விரால் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது.

நாங்கள் புனேக்குக் கிளம்பிய அன்று மதுரை ஜங்ஷனுக்கு அப்பா வந்தார். என்னால் அடக்க முடியவில்லை. "அப்பா, அன்னைக்குக் கத்துனது யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் காது இருக்கு தாயி" என்றார். "வண்டியில ஏறு."

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, என்னையும் பேச விடவில்லை. புனேயில் அந்த மேனேஜர் நாங்கள் போகும் முன்பே வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். கயாக்கிங் பற்றி எங்களை இன்றுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை.

அதன்பின் கண்மாய் ஒரே ஒரு தடவை பெருகியது. முறை அடுத்த வீட்டுக்கு. அவர்கள் வீசியதை அப்பா கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாராம். இப்போது அவர் இல்லை. ஒரு முறைகூட வீசாமலே போய்விட்டார். அவர் இருந்தவரை பந்தியில் துண்டு ஜோக் வரும்போதெல்லாம் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார். மருமகனுக்காகக் குனிகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மகனுக்காக என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருடம் கண்மாய் மறுபடி பெருகி வற்றிக்கொண்டிருக்கிறது. முறை எங்கள் வீட்டுக்கு. வெள்ளை வீசப் போவது என் அண்ணன். புது வேட்டி எடுத்துவிட்டானாம். நாங்களும் வருகிறோம், என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்.

அண்ணே, நீயும் இதைப் படிப்பாய். இப்போதெல்லாம் மீன்பிடிக்குக் கரையில் மைக் செட் கட்டுகிறார்களாமே. துண்டை எடுப்பதற்கு முன்னால் மைக்கை எடு. அன்றைக்கு நின்ற ஜனத்தில் பாதி இன்னும் இருக்கிறது, அவர்கள் காதில் விழும்படி சொல். எங்களைக் கூப்பிட அப்பா அனுப்பியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை? உன் ஆரஞ்சுப் படகு உனக்கு அடையாளம் தெரியவில்லையா? "வெள்ளை வீசியாச்சு" என்று கத்தியது யார்?

பதிலைச் சொல்லிவிட்டு வீசு.