‘தெரியவில்லை’ என்று அச்சடித்த மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நான் நலமாக இருப்பதாக உங்கள் மருத்துவப் பத்திரிகையிலேயே அச்சாகிவிட்டதால் அதை இங்கே தனியாக எழுதவில்லை. கட்டுரை வெளிவந்த சந்தோஷத்தில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். மகளுக்கும் பேத்திக்கும் என் அன்பு. மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குரங்கம்மை வந்த ஆறு பேரின் அறிகுறி, சிகிச்சை, முடிவு என்று நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகள் பெருமை தாங்காமல் போனில் அவள் அம்மாவுக்குப் புரியும்படி வரி வரியாகச் சொன்னாள், அதுவும் ஸ்பீக்கரில், நான் பக்கத்தில் உட்கார்ந்து காலர் வெட்டிக்கொண்டிருக்கும்போது. “நாலாவது ஆள் நம்ம அப்பாதாம்மா” என்றாள், ஏதோ பரிசு வாங்கியதுபோல. நோயாளி நான்கு, அறுபத்தோரு வயது ஆண், தையல்காரர், மணமானவர். இதற்கு மேல் கடை விலாசம் ஒன்றுதான் பாக்கி. முகத்தை மறைத்துத்தான் போட்டோம் என்று நீங்கள் சமாதானம் சொன்னீர்களாம். முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம், முதுகை அரைப் பக்கத்துக்குக் கலரில் போட்டிருக்கிறீர்களே. கையெழுத்து வாங்கினோம் என்பீர்கள். அன்று எனக்கு இருந்த காய்ச்சலில் தையல் மெஷினையே எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அதில் ‘வலி: லேசானது’ என்று ஒரு வரி. யாருக்கு லேசு? மூன்று நாள் காய்ச்சல், மண்டையிடி, இடுப்பு கழன்று விழுந்ததுபோல ஒரு வலி, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டி விழுங்க முடியவில்லை. பிறகு உதட்டோரம் ஒரு கொப்புளம், அதைத் தொடர்ந்து முகம், முதுகு, உள்ளங்கை, கடைசியில் மனிதன் எதன்மேல் உட்கார வேண்டுமோ அங்கேயும். கத்தரிக்கோல் பிடிக்கும் கட்டைவிரலில் நடுவே குழி விழுந்து சீழ் கோத்துக்கொண்டு ஒன்று. அதைப் பார்க்க ஆஸ்பத்திரி அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாணவர்கள் வரிசை கட்டி நின்றார்கள், ஒரு பெண் “அழகா வந்திருக்கு சார்” என்றாள். “இதுக்கு மருந்தே இல்லையா மாப்பிள்ளை” என்று உங்களைக் கேட்டதற்கு, “தானா சரியாயிடும் மாமா, சொறியாம இருங்க” என்றீர்கள். வலி மாத்திரையை விழுங்கினேன், தண்ணீர் குடித்தேன், புண்ணைச் சுத்தமாக வைத்தேன், பக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை இருபத்தாறு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். தானாகச் சரியானதைப் பற்றி ‘சிகிச்சை’ என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கம் எழுத உங்களால்தான் முடியும். வீடு திரும்பினால் எதிர்வீட்டு வாத்தியார் “எந்தக் குரங்குங்க கடிச்சது” என்று கேட்கிறார். குரங்கைப் பார்த்தே பதினைந்து வருஷம் ஆகிறது என்று அவருக்குச் சொல்லி வாய் வலிக்கிறது.

இதெல்லாம் தொலையட்டும். ‘தொற்று வந்த வழி: தெரியவில்லை’ என்று போட்டீர்களே, அதுதான் என் குடியைக் கெடுத்தது. அந்த வரியைக் கேட்டதும் எனக்கு ரத்தம் தலைக்கேறி எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது உங்கள் மாமியார் பேச்சை நிறுத்தியிருந்தாள். ஒன்பது நாள் ஆகிறது. சாப்பாடு தயார் என்பதை ஃபிரிட்ஜிடம் சொல்கிறாள். தலையணையை எடுத்துக்கொண்டு மகளுடைய பழைய அறைக்குப் போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நோய் நெருங்கிப் பழகினால் வரும் என்று டிவியில் சொல்கிறார்கள், முதல் கொப்புளம் உதட்டில் வந்திருக்கிறது, கட்டின புருஷனைக் கேட்டால் மாப்பிள்ளை ‘தெரியவில்லை’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். எந்தப் பெண்பிள்ளை சும்மா இருப்பாள்?

வழி எனக்கு நன்றாகத் தெரியும். பயணப்பையோடு நேராகக் கடைக்கு வந்த ஒருவர் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கொடுத்து இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னார். நின்ற நேரம் முழுக்க மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே இருந்தார். அந்தக் கோட்டில் குத்திய குண்டூசிகளைப் பிடுங்கிப் பிடுங்கி உதட்டில் கவ்விக்கொண்டு வேலை பார்த்தேன், நாற்பது வருஷப் பழக்கம். பத்தாம் நாள் காய்ச்சல். இதை ஆஸ்பத்திரியிலேயே உங்களிடம் சொன்னேன். “ஆதாரம் இல்லாம எழுத முடியாது மாமா.” “குண்டூசி டப்பாவே கடையில இருக்கே மாப்பிள்ளை.” “அதுல வைரஸ் இருந்துச்சுன்னு நிரூபிக்கணும் மாமா.” உங்களுக்குத் தெரியாவிட்டால் ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். வெறும் ‘தெரியவில்லை’ என்றால் கேட்கிறவர்களுக்கு நான் எதையோ மறைப்பதுபோல இருக்கிறது.

ஆகவே அடுத்த இதழில் வலி கடுமையானது என்றும், வழி குண்டூசி என்றும், முதுகுப் படம் வாபஸ் என்றும் திருத்தம் போட வேண்டும். அதுவரை என்னிடம் தந்திருக்கும் உங்கள் மூன்று கால்சட்டையும் மடிப்புப் பிரித்தபடியே கிடக்கும். மற்றபடி நீங்களும் மகளும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல், எந்தக் கட்டுரையிலும் வராமல், நூறு வயது வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நோயாளி நான்கு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். ஒன்பது நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினாள். “ஊசியாவது கோட்டாவது. காலையில கடை, சாயங்காலம் வீடு. உங்களுக்கு வேற போக்கிடம் ஏதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு அடுத்த வரியில என்ன போட்டிருக்கு, அதைச் சொல்லுங்க” என்றாள். அந்த வரியைக் கேட்காமல்தான் நான் எழுந்து போயிருக்கிறேன். அவளே ஒப்பித்தாள்: ‘நெருங்கிய தொடர்பில் உள்ளவர்: எவருமில்லை.’ நான் சொன்னதுதான் அது. மருமகன் பேனாவும் கையுமாக நின்று, “வீட்டுல யார்கூடயாவது நெருக்கமா இருக்கீங்களா மாமா” என்று கேட்டால் மாமனார் என்ன சொல்வான்? கூச்சத்தில் சொல்லிவிட்டேன். “முப்பத்துநாலு வருஷம் கூட இருக்கேன். உங்களுக்கு வந்தது எனக்கும் வந்திருமோன்னு இருபத்தோரு நாள் ரெண்டு வேளையும் தர்மாமீட்டர் வெச்சு நோட்டுல எழுதினேன். அப்போ நான் எவருமில்லையா?” என்று கேட்டு அழுதாள். ஆகையால் மேலே எழுதியது அனைத்தையும் அடித்துவிடுங்கள் மாப்பிள்ளை. வலி லேசாகவே இருக்கட்டும். முதுகை முழுப் பக்கத்துக்கே போடுங்கள். வழியும் யாருக்கும் தெரியாமலே போகட்டும். ஒரே ஒரு திருத்தம் போதும், நெருங்கியவர்: மனைவி. அது அச்சில் வந்த பிறகுதான் தலையணை திரும்பி வருமாம்.