முள் பச்சையில் நின்றால் குழாய் நலமா?

பெருமதிப்புக்குரிய தாய்மாமனுக்கு மருமகனின் வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். நலம் என்று நீங்களே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீர்களாம், அதுதான் பிரச்சினை.

ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு குறைவு என்று வந்ததும், டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள், சரி, அதோடு விட்டீர்களா, பூங்காவில் நடக்க வருகிறவர்களைக் கூட்டி வைத்து "என் ரத்தம் தண்ணி மாதிரி ஓடுதுய்யா" என்று பிரசங்கம் செய்து, உங்களுக்கு முடி வெட்டுகிறவரிடம் "நீயும் மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று சொல்ல, அவர் பயந்துபோய் அத்தைக்குப் போன் போட, அத்தை எனக்குப் போட, தொழிற்சாலையில் குழாய்க்குள் தலையை விட்டுச் சோதித்துக்கொண்டிருந்த நான் சடாரென்று நிமிர்ந்து மண்டையை இடித்துக்கொண்டேன்.

கொதிகலன் அறையில் அழுத்தமானியைப் பார்த்தே காலம் தள்ளியவர் நீங்கள். முள் பச்சையில் நின்றால் டீ குடிக்கப் போகலாம், அவ்வளவுதான் உங்கள் வேதம். போனிலும் அதைத்தான் சொன்னீர்கள்: "கம்மியா இருந்தா நல்லதுதானேடா, படிச்ச முட்டாள்!" மாமா, உங்களுக்கு இருப்பது ரத்தநாள அழற்சி. ரத்தக் குழாயின் சுவரே உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது. அந்தக் கனல் மூளும்போது ரத்தத்தில் கொழுப்பின் அளவு தானாகவே இறங்கலாம். அதற்காகச் சுவர் கெடுவது நிற்காது. அழற்சி அடங்கினால் அளவு மறுபடி ஏறவும் செய்யும். டாக்டர் மாத்திரை கொடுத்தது ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து அல்ல, வியாதியையும் சேர்த்துப் பார்த்து. மாரடைப்பு என்ன, உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டா வரப்போகிறது? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே லீவு போட்டுவிட்டேன். உள்சுவர் அரித்துப்போய் அறுத்தெடுத்த பழைய குழாய்த் துண்டோடும் படங்களோடும் வருகிறேன். உங்களுக்குப் புரியும்வரை அங்கேயே தங்குவேன், அத்தையிடமும் சொல்லியாயிற்று.

தூரத்திலிருந்து கும்பிட்டு, நேரில் வந்து திட்டப்போகும்
உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அத்தை போன் செய்தார். காலையிலேயே டாக்டரைப் பார்த்து, மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டீர்களாம். நான் போனில் சொன்ன விளக்கத்தை மாமாவிடம் எடுத்துச் சொன்னீர்களா என்று அத்தையிடம் பூரித்துப்போய்க் கேட்டேன். "அதையெல்லாம் யாருடா கேட்டா? நீ வந்து தங்கி வெளக்கப்போறேன்னு மட்டும்தான் சொன்னேன். காலுக்கொரு செருப்பா மாட்டிக்கிட்டு ஓடினாரு" என்றார். ஆகவே மேலே உள்ளது எதையும் படிக்க வேண்டாம். அங்கே வரக் கட்டிவைத்த பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. மாத்திரை நின்றால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.