அடுப்படியில் மூணு இஞ்ச்

இந்த ஆடி மாதத்தோடு வெப்சைட் வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்தவர் என்றால் என் மனைவி மருதாம்பாள். எங்கள் வீட்டில் வேறு அடுத்தவர் இல்லை.

வெப்சைட்டின் பெயர் 'நீலகிரி மழை நண்பர்கள்'. மலையில் ஆங்காங்கே மழைமானி வைத்திருக்கும் ஆர்வலர்கள், எவ்வளவு பெய்தது என்று தினமும் காலையில் எனக்குச் சொல்வார்கள். நான் பட்டியலாகப் போடுவேன். தோட்டத்து வழக்கப்படி இஞ்ச், சென்ட் கணக்கு. நூறு சென்ட் ஒரு இஞ்ச். தேயிலை நல்ல விலைக்குப் போன காலத்தில் ஆரம்பித்தது. அப்போது எல்லாருக்கும் உற்சாகம் இருந்தது. இப்போது விலை சரிந்து, குன்னூரில் நான் வேலை பார்க்கும் தேயிலை ஏஜென்ட் ஆபீஸில் வாரத்தில் பாதி நாள் லீவு. ஃபாக்டரிகள் புகை விடுவதையே மறந்துவிட்டன. வெப்சைட்டுக்கு மட்டும் லீவு கிடையாது.

நடுவட்டத்தில் கடை வைத்திருக்கும் மாரப்பனுக்கு நானேதான் போன் போட வேண்டும்.

"எவ்வளவுங்க மழை?"

"நல்ல மழைங்க."

"இஞ்ச் கணக்குல சொல்லுங்க."

"பஸ்ஸே நின்னு போச்சுங்க. அதை இஞ்ச் கணக்குல நீங்களே போட்டுக்குங்க."

இன்னொருவர், மழைமானிக் குடுவையில் வீட்டில் ஊறுகாய் போட்டுவிட்டதால் அவர் ஊரில் ஒரு மாதமாக மழையே இல்லை என்கிறார். இதையெல்லாம் டைப் செய்து ஏற்றினால், பாதியில் போன் லைன் அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கத்தின் அடியில் ஓர் எண் ஓடும். அதில் பாதி நான். மீதிப் பாதி, சரியாக வந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்கும் நான்.

இவ்வளவு அலுப்பிலும் ஏன் விட்டுத் தொலைக்கவில்லை என்று கேட்பீர்கள். கூரைதான் காரணம்.

எங்கள் அடுப்படியின் தகரக் கூரை ஒழுகுகிறது. அப்படி மருதாம்பாள் சொல்கிறாள். நான் ஒப்புக்கொண்டதில்லை. அது அவள் வைக்கும் குழம்பின் ஆவி, மேலே போய்த் தகரத்தில் வேர்த்துச் சொட்டுகிறது என்று மூன்று மழைக்காலமாகச் சொல்லி வருகிறேன்.

"ஏனுங்க, ஒரே ஒரு தகரம் மாத்தினாப் போதுமுங்க."

"தேயிலை விலை ஏறட்டும் அம்மிணி."

"அது ஏறுறப்ப ஏறட்டுமுங்க. நீங்க கூரை மேல ஏறுங்க."

"அப்டேட் பண்ணோணும்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த வீட்டில் மரியாதை இருந்தது.

ஆக, எனக்கு வேலை போக வேண்டும். சாக்கு மிஞ்ச வேண்டும். அவள் டைப் செய்யட்டும். நான் ஆசிரியராக அதே அறையில் கம்பளி போர்த்திக்கொண்டு மேற்பார்வை பார்ப்பேன். மேற்பார்வைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

"உன்ற அறிவு அடுப்படியில வீணாப் போகுது" என்று ஆரம்பித்தேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரு மாதம் பிடித்ததை ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டாள்.

"யாரு வேணும்னாலும் மழை அனுப்பலாமுங்களா?"

"நீலகிரிக்குள்ள இருக்கோணும். முறையான மழைமானி வேணும். தினம் காலையில ஒரே நேரத்துல அளக்கோணும். அப்படி அளந்தா யாரையும் வேண்டாம்னு சொல்லக் கூடாது. அதான் முதல் விதி. நானே எழுதினது."

"நல்ல விதிங்க" என்றாள்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் நான் செய்த எதையும் அவள் நல்லது என்று சொன்னதில்லை.

ஒரு வாரம் சுகமாகத் தூங்கினேன். அப்புறம் தங்கவேலுவிடமிருந்து போன் வந்தது. சேரங்கோடு பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். ஆடி மாதப் பட்டியலில் முதல் இடம் எப்போதும் அவருடையது. தேயிலை விழுந்தபோதும் அந்த இடம் விழவில்லை. மனிதருக்கு மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

"சார், நேத்து குன்னூர்ல எவ்வளவு மழை?"

"சும்மா தூறல்தாங்க. முப்பது சென்ட்."

"அதே குன்னூர்ல அடுப்படின்னு ஒரு இடம் மூணு இஞ்ச் காட்டுதே. எனக்கே ரெண்டே முக்கால்தான். அது எந்தத் தோட்டம் சார்? எனக்கு விளங்குதில்ல."

கம்பளியை உதறிவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரி: 'அடுப்படி, மயில்சாமி வீடு, குன்னூர். அளப்பவர்: மருதாம்பாள்.' மயில்சாமி நான்தான். அடுப்படிக்கு ஓடினேன். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே, நான் உபரியாக வாங்கி வைத்திருந்த மழைமானி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் குறி தவறாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது மழையே இல்ல அம்மிணி."

"ஆவிங்களா?"

"கூரை மொத்தத்துலயும் விழுற தண்ணி அந்த ஒரே ஓட்டை வழியா இதுக்குள்ள விழுது. அதான் மூணு இஞ்ச் காட்டுது."

"அப்ப ஓட்டை இருக்குதுன்னு ஒத்துக்கறீங்க."



"அந்த வரியை எடுத்துரு."

"அளந்து குடுத்தா வேண்டாம்னு சொல்லக் கூடாதுங்க. முதல் விதி."

"நானே எடுத்துப்போடறேன்."

"எடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு ஜனம் கேக்குமுங்க. மழை ஆசிரியர் வூடே ஒழுகுதுன்னு பதில் போட்டுரட்டுங்களா?"

பக்கத்தின் அடியிலிருந்த எண்ணைப் பார்த்தேன். நான் தூங்கிய வாரத்தில் அது முதல் முறையாக நானில்லாமல் ஓடியிருந்தது. மாரப்பன்கூடத் தானாகவே போன் செய்து, இன்றைக்கு அடுப்படியில் எவ்வளவு என்று கேட்கிறாராம்.

தங்கவேலு போனோடு விடவில்லை. பொய்க் கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது என்று சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டார். மருதாம்பாள் அவரை ஹாலில் உட்கார வைக்கவில்லை. அடுப்படியில் முக்காலி போட்டுக் கையில் டீயைக் கொடுத்தாள். டம்ளருக்குள் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கணக்குல பிழை இல்ல சார்" என்றார் சோர்வாக. பிறகு மருதாம்பாளிடம், "இதை அடைச்சிட்டா எனக்கு முதல் இடம் திரும்பி வந்துருமாம்மா?"

"வந்துருமுங்கண்ணா. ஏணி பின்னால இருக்குதுங்க."

"எனக்கு முழங்கால் வலி, ஏற ஏலாது. சார் ஏறட்டும். நான் பிடிச்சுக்கறேன்."

"தகரம் வாங்கோணுமே" என்றேன் கடைசி நம்பிக்கையோடு.

"போன வாரமே வாங்கி வெச்சுட்டனுங்க" என்றாள். "நீங்க மேற்பார்வை பார்த்துட்டு இருந்தீங்க."

மத்தியானம் முழுக்கக் கூரை மேல் நனைந்தேன். பனிமூட்டத்தில் கீழே ஏணியும் தெரியவில்லை, அதைப் பிடித்திருந்தவரும் தெரியவில்லை. இறங்கியதும் ஏணியை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அது அங்கேயே இருக்கட்டுமுங்க என்றாள் மருதாம்பாள். என் உடம்பு அலுப்பைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் காலை சேரங்கோடு முதல் இடம். தங்கவேலுவின் குரலில் தேயிலை விலையே ஏறிவிட்ட மகிழ்ச்சி. அடுப்படிக்கு எதிரே 'நில்', அதாவது ஒரு சொட்டும் இல்லை, என்று போட்டிருந்தது. தும்மிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றேன்.

"நகரு அம்மிணி. இனி நானே அப்டேட் பண்றேன்."

"எல்லாம் போட்டாச்சுங்க. சரியா இருக்குதான்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரி: 'குளியலறை, மயில்சாமி வீடு, குன்னூர்.'

ஏணி அங்கேயேதான் இருந்தது.