ஆயுள்சந்தா அண்ணாச்சியின் கைராசி

ஒரு பத்திரிகையை மூடவைக்க அரசாங்கம் தேவையில்லை, காகிதத் தட்டுப்பாடும் தேவையில்லை. எங்கள் ஆயுள்சந்தா அண்ணாச்சி ஒரு மணியார்டர் அனுப்பினால் போதும். ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருடம். அதற்குள் அச்சகத்துக்குப் பூட்டு விழுந்து, 'அன்பான வாசகர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி' என்று கடைசி இதழ் வந்து சேரும். உட்கார்ந்த இடத்திலிருந்து இப்படி ஒரு காரியத்தைச் சாதித்த மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பருத்தி கமிஷன் மண்டியில் அவர் கேஷியர், நான் டைப்பிஸ்ட். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை முதலாளியே மறந்துவிட்டார். மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து தபால்காரர் வரைக்கும் அவர் ஆயுள்சந்தா அண்ணாச்சிதான்.

கதை, சினிமா, அரசியல் எழுதும் பத்திரிகைகளை அவர் சீந்தமாட்டார். ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் அதையே எழுதுகிற பத்திரிகைகள்தான் அவருக்கு வேண்டும். பழைய நாணயம் சேர்ப்பவர்களுக்கென்று ஒன்று, வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு ஒன்று, சதுரங்கம், காளான், நாய் வளர்ப்பு, வெளிநாட்டு ரேடியோ கேட்பவர்களுக்கு ஒன்று என்று எங்கெங்கோ இருந்து மெலிசு மெலிசாக வரும். எல்லாவற்றுக்கும் ஆயுள் சந்தா. எல்லாம் மண்டி விலாசத்துக்குத்தான் வரும், ஏனென்றால் அவருடைய வாடகை அறையில் பகலில் ஆள் இருக்காது. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

இத்தனையும் படிக்கிறாரே, வீட்டில் மீன் தொட்டி இருக்கும், நாலு நாய் திரியும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒன்றும் கிடையாது. ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர், தெருவில் ஒரு நாய் எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்கிவிடுவார். ஆனால் நாய்க்குக் காது நோவு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அரைமணி நேரம் பேசுவார். சதுரங்கம் ஆட வாங்க என்று கணக்குப்பிள்ளை ஒருநாள் கூப்பிட்டதற்கு, "நான் வாசகன்யா, ஆட்டக்காரன் இல்ல" என்று மறுத்துவிட்டார். பத்திரிகையில் இருக்கிற மீனுக்குச் சீக்கு வராது, அதுதான் அதில் உள்ள வசதி என்பது அவர் கட்சி. பாவம், மீனுக்கு வராத சீக்கு பத்திரிகைக்கு வந்தது.

ஒரு பத்திரிகை நின்றுபோனால் அண்ணாச்சி அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தலை முழுகிவிட்டுத்தான் வருவார். முதல் தடவை ஈரத்தலையோடு வந்து நின்றவரைப் பார்த்து முதலாளி பதறிப்போய், யாருய்யா தவறுனது என்று கேட்டார். "வண்ண மீன், முதலாளி" என்றார் அண்ணாச்சி. அதன்பிறகு முதலாளி எதுவும் கேட்பதில்லை. ஈரத்தலையைப் பார்த்ததும் எந்தப் பத்திரிகை என்று என்னிடம் மட்டும் ஜாடையில் விசாரிப்பார்.

சதுரங்கப் பத்திரிகைதான் அவரைப் படாதபாடு படுத்தியது. கடைசிப் பக்கத்தில் ஒரு புதிர் போட்டு, விடை அடுத்த இதழில் என்று போட்டிருந்தார்கள். அடுத்த இதழ் வரவேயில்லை. மனிதர் வருடக்கணக்கில் அந்தப் பக்கத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார். வயலில் விளைந்த பருத்தியைக் கொண்டுவருகிற சம்சாரிகளிடம்கூட வெள்ளைக் குதிரையை எங்கே நகர்த்தலாம் என்று அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். அவர்களும் மரியாதைக்கு ஆளுக்கொரு பக்கமாக நகர்த்திவிட்டுப் போனார்கள்.

எனக்குச் சந்தா என்றாலே ஆகாது. பஸ் ஸ்டாண்டு கடையில் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பேன். பிடித்தால் வாங்குவேன், பிடிக்காவிட்டால் கடைக்காரர் முறைப்பதற்குள் வைத்துவிடுவேன். காசையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு, மாதாமாதம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்ன பிழைப்பு என்று அண்ணாச்சியிடமே கேட்டிருக்கிறேன்.

"கடையில வாங்குறவன் வழிப்போக்கன் தாயி," என்றார். "ஒரு வருசச் சந்தா கட்டுனவன் வாடகைக்குக் குடியிருக்கவன். ஆயுள் சந்தா கட்டுனாத்தான் அது நம்ம வீடு."

உங்க வீடெல்லாம் வரிசையா இடிஞ்சு விழுதே அண்ணாச்சி என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. விழுந்த பத்திரிகைகளில் ஒன்றிடமாவது பணத்தைத் திருப்பிக் கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. அந்த ஆசிரியர்களுக்கு ஆறுதல் சொல்லித் தன் கைக்காசில் கார்டு எழுதிப் போடுவார். இப்படியும் ஒரு பிறவியா என்று எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

கைராசி பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காலையில் முதல் போணி யார் கையால் ஆகிறது என்பதில் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பார்கள். என் கை ராசியான கை என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அக்கா, நான் வந்து ஒரு முழம் வாங்கினால்தான் கூடையைத் தூக்குவாள். அண்ணாச்சி கதை நேர் எதிர். காலை டீக்கு அவர் காசை நீட்டினால், "பொறவு வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி, எங்க போயிரப் போறிய" என்று டீக்கடைக்காரர் நழுவிவிடுவார். கைப்பந்துக்கென்று பத்திரிகை ஆரம்பிக்கப் போன ஒரு மில் தொழிலாளி, மண்டிக்கே வந்து, தயவுசெய்து எங்களுக்கு மட்டும் சந்தா கட்டிவிடாதீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்றைக்கு மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இவர் ஆயுள் சந்தா கட்டாத பத்திரிகை ஒன்றே ஒன்று உண்டு. அது 'தேனடை'. வத்திராயிருப்பில் எஸ்தர் டீச்சர் என்று ஒருவர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தென்னந்தோப்பில் பெட்டி வைத்துத் தேனீ வளர்த்துக்கொண்டு, அதைப் பற்றி மாதம் ஒரு பத்திரிகையும் நடத்திவந்தார். அண்ணாச்சிக்குத் தேனடை என்றால் உயிர். அட்டையிலிருந்து அச்சக முகவரி வரை மூன்று முறை படிப்பார், யாருக்கும் இரவல் தரமாட்டார். ஆனால் தை பிறந்ததும் ஒரு வருடச் சந்தா, அவ்வளவுதான். வேண்டாத பத்திரிகைக்கெல்லாம் ஆயுள் சந்தா, உயிரான பத்திரிகைக்கு வாடகைக் குடித்தனமா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருமுறை மண்டியோடு எல்லோரும் அய்யனார் கோவில் அருவிக்குப் போயிருந்தோம். மேலே மரத்தில் ஒரு கூடு கலைந்து தேனீக்கள் கிளம்பிவிட்டன. யாரும் ஓடக்கூடாது, அசையாமல் மரம் மாதிரி நிற்கவேண்டும், தேனடையில் படத்தோடு போட்டிருக்கிறது என்று அண்ணாச்சி கையை உயர்த்தி உத்தரவு போட்டார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தேனீக்களும் எங்களை விட்டுவிட்டுப் போயின. பார்த்தால் அண்ணாச்சியின் செருப்பு மட்டும் அங்கே கிடக்கிறது, ஆள் ரோட்டில் பஸ் பிடிக்க நிற்கிறார். 'அக்கட்டுரை முற்றிலும் பயனுள்ளது, அனுபவத்தில் கண்டேன்' என்று அவர் எழுதியது அடுத்த இதழில் வாசகர் கருத்துப் பகுதியில் வந்தது.

அதற்கு ஓரிரு வருடங்கள் கழித்து, ஒரு மத்தியான வேளையில் எஸ்தர் டீச்சரே குடையும் துணிப்பையுமாக மண்டிக்கு வந்துவிட்டார். அதுவரை நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. அண்ணாச்சி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சோடா வாங்கி வரச் சொல்லி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பரபரத்தார். டீச்சர் உட்காரவில்லை.

"இந்த இதழோட நிறுத்திரலாம்னு இருக்கேன் சார்," என்றார். "பேப்பர் வாங்கக் கட்டுபடியாகல. பாக்கி மாசத்துக்கான சந்தாவ அவங்கவங்ககிட்ட நேர்ல குடுத்துட்டு வாரேன்."

அண்ணாச்சி முகம் செத்துப்போயிற்று. கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எப்பிடி டீச்சர் நிக்கும்?" என்றார். "நான்தான் ஆயுள் சந்தா கட்டவே இல்லையே."

டீச்சருக்குப் புரியவில்லை. நான்தான் எழுந்துபோய் மீன், நாய், காளான் என்று செத்தவர்கள் வரலாற்றை எடுத்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். டீச்சர் சிரிக்கவில்லை, கோபப்பட்டார்.

"ஊர்ல உள்ள புஸ்தகத்துலெல்லாம் ஆயுள் சந்தா லிஸ்ட்டுல பேரு வாரவரு, நமக்கு மட்டும் வருசா வருசம் அளந்து குடுக்காரேன்னு எனக்கு எம்புட்டு உறுத்தல் தெரியுமா சார்? நம்ம பத்திரிக நெலைக்காதுன்னு இவரே முடிவு பண்ணிட்டாரு போலன்னுதான் எனக்கு மனசு விட்டுப்போச்சு. உங்க கை என்ன பண்ணும்? மூச்சு வாங்குற பத்திரிகையாத் தேடித் தேடிப் போய்க் கட்டுறிய. அது சாகாம என்ன செய்யும்?"

"நல்லா ஓடுற புஸ்தகத்துக்கு நான் எதுக்கு டீச்சர்?" என்றார் அண்ணாச்சி. "எனக்குன்னு பின்னால யாரும் கெடையாது. ஒரு புஸ்தகமாவது எனக்குப் பொறவும் வந்துகிட்டு இருக்கணும்னு ஒரு ஆச. அது தேனடையா இருக்கட்டும்னுதான் கைய வைக்காமப் பாத்துக்கிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வழக்கம்போல வாயைத் திறந்தேன். உங்க கைதானே ராசியில்ல அண்ணாச்சி, என் கையால போணி பண்ணிட்டாப் போச்சு என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னது. அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். என்னைக் கை கழுவச் சொன்னார், கிழக்குப் பார்த்து நிற்கவைத்தார். பணத்தைத் தாம் தொடாமல், தம் சட்டைப் பையிலிருந்து என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே அந்தச் சதுரங்கப் பக்கமும் வந்தது, அதைத் திரும்ப வைத்தேன். டீச்சர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீங்க ராசி பாத்துக் குடுங்க, நான் ஜெபம் பண்ணி வாங்கிக்கிடுதேன் என்று கண்ணை மூடினார். ரசீது யார் பேருக்கு என்று கேட்டபோது அண்ணாச்சி பின்வாங்கினார். தம் பெயர் அந்த ரசீதில் நிழலாகக்கூட விழக்கூடாதாம். தாயி பேருக்கே எழுதுங்க என்றார். இப்படியாக, சந்தா என்றாலே முகம் சுளிக்கிற நான் ஒரு தேனீப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரர் ஆனேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளை கையாலயே எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க என்றார். எடைக்குக் காத்திருந்த சம்சாரிகள் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார்கள். பருத்திப் பூவுக்குத் தேனீ எவ்வளவு அவசியம் என்று அண்ணாச்சி பேச ஆரம்பித்தார், பாதிப்பேர் அந்தப் பேச்சை நிறுத்துவதற்காகவே சந்தா கட்டினார்கள். எல்லாப் பணமும் என் கை வழியாகத்தான் போகவேண்டும் என்று அவர் காவல் நின்றார். வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறும்போது டீச்சர் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த பணமும் புதுச் சந்தாவும் இருந்த பையைப் பத்திரமாக இடுக்கிக்கொண்டு ஏறினார்.

அடுத்த மாதம் தேனடை வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. உறையில் என் பெயர்தான். ஆனால் தபால்காரர் பழக்க தோஷத்தில் அண்ணாச்சி மேஜையில் போட்டுவிடுவார். அவர் உறையைக் கிழித்து, மூன்று முறை படித்து, வெற்றிலை போட்ட விரலின் சுண்ணாம்பெல்லாம் அதில் ஒட்டிய பிறகுதான் என்னிடம் தருவார். தரும்போது ஒவ்வொரு முறையும், "இன்னும் வருது தாயி" என்பார். ஏதோ அருவி மலைமேல் ஏறுவதைப் பார்த்தவர் மாதிரி அந்தக் கண்ணில் ஒரு பிரமிப்பு இருக்கும். வருடங்கள் போயின, எண்பதுகள் தொண்ணூறுகள் ஆயின, அந்தப் பிரமிப்பு குறையவேயில்லை. அவரைப் பார்த்து எனக்குள்ள பிரமிப்பும்தான்.

ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சலென்று படுத்த அண்ணாச்சி பிறகு எழுந்திருக்கவேயில்லை. எஸ்தர் டீச்சர் வத்திராயிருப்பிலிருந்து நனைந்துகொண்டே வந்து, அவர் காலடியில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுவாரம் தபால்காரர் தேனடையைக் கேஷியர் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். புதிதாக வந்த கேஷியர், உறையில் இருந்த பெயரைப் பார்த்து, உங்களுக்குத்தான் வந்திருக்கிறது என்று என்னிடம் நீட்டினார். மண்டியில் அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இத்தனை வருடத்தில் முதன்முதலாக உறையை நானே கிழித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டே சொன்னேன், "வந்திருச்சு அண்ணாச்சி."