காலிக் குடுவையும் கரடியார் நாற்காலியும்

ஒரு காட்டில் ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற ஒரு பிஸ்டன் பம்பு வைத்தார்கள். பிஸ்டன் முன்னே போனால் தண்ணீர் பாயும், பின்னே வந்தால் நிற்கும். இப்படி விட்டுவிட்டு இடித்ததில் குழாய் சாமி வந்ததுபோல் ஆடியது.

அந்தக் குழாய்க்கு அடியில்தான் வடிவாம்பாள் என்கிற பெருச்சாளியின் வளை. ஒவ்வோர் இடிக்கும் பிள்ளைகள் தலையில் மண் கொட்டியது. கூரை எப்போது உட்காருமோ என்று பயந்து, குடிநீர்க் குழுத் தலைவர் கரடியாரிடம் போய் அழுதாள்.

"இடியை வாங்கிக்க டேம்பனர்னு ஒண்ணு இருக்கும்மா. நரியையும் பன்றியையும் கொண்டாரச் சொல்லியிருக்கேன். நல்லதாப் பார்த்து எடுத்துடுவோம்" என்றார் கரடியார்.

நரி ஒரு குடுவையைக் கொண்டுவந்து பம்பை ஒட்டி மாட்டிக் காட்டியது. உள்ளே காற்றடைத்த ரப்பர் பை. தண்ணீர் இடித்தால் பை சுருங்கும், ஓய்ந்தால் விரியும். அவ்வளவுதான், குழாய் கப்சிப்! பிள்ளைகள் அசந்து தூங்கிவிட்டன. வடிவாம்பாளுக்குக் கண் கலங்கியது.

"என் ராசா, நீ நல்லா இருப்ப!" என்று நரிக்குத் திருஷ்டி கழித்தாள்.

கரடியார் விடுவாரா? குடுவையைக் கழற்றச் சொல்லித் தட்டிப் பார்த்தார்.

"என்னடா, உள்ளே ஒண்ணுமே இல்ல! காலி டப்பாவையா என் தலையில கட்டப் பார்க்கிற?"

"காலியா இருந்தாத்தான் ஐயா அடியை வாங்கும்."

"யாருக்குடா காது குத்துற?"

காட்டுப்பன்றி உருட்டி வந்ததோ கெட்டி இரும்புக் குண்டு. கரடியாராலேயே அசைக்க முடியவில்லை. "இதுதான் சரக்கு!" என்று அதையே எடுத்தார். மாட்டினார்கள். பம்பு ஓடியது. குழாயோடு குண்டும் சேர்ந்து ஆடி, குழாயையும் பிய்த்துக்கொண்டு வளைமேலேயே விழுந்தது. பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு வடிவாம்பாள் தப்பியதே பெரும்பாடு.

நேரே கரடியாரிடம் போனாள். "நீயெல்லாம் ஒரு தலைவனா? என் குடியைக் கெடுத்துட்டியே, பாவி!" என்று வாய்க்கு வந்தபடி வைதாள்.

"ஆகட்டும்மா, பார்ப்போம்" என்றார் கரடியார்.

தண்ணீர் போச்சே என்று மான் வந்து ஒப்பாரி வைத்தது. எருமை வந்து கொம்பாலேயே முட்டியது. எல்லாருக்கும் அதே "ஆகட்டும், பார்ப்போம்"தான். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இம்மிகூட அசையவில்லை.

வடிவாம்பாள் அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலிக்கு அடியிலேயே வளை தோண்டிப் பிள்ளைகளைக் கிடத்தினாள். மேலே காடே கூச்சல் போட, கீழே அவை குறட்டை விட்டன.

நீதி: உள்ளே ஒன்றும் இல்லாததுதான் எந்த அடியையும் தாங்கும். குழாயில் அதை மாட்ட விடமாட்டார்கள். நாற்காலியில் ஏற்கெனவே மாட்டியிருப்பார்கள், அங்கே போய்க் குடியிருங்கள்.